மல்லிகையா, சம்பங்கியா? சத்தியமங்கலம் பூ விவசாயத்தில் பருவமும் விலையும்

சத்தியமங்கலம் வட்டாரத்தில் பூ நட நினைப்பவரை முதலில் ஈர்ப்பது மல்லிகையின் தை மாத விலைதான். கிலோ ஆயிரங்களைத் தொடும் அந்த விலை உண்மையானதே. ஆனால் அந்த விலைக்கு விற்பதற்கு அப்போது நம் தோட்டத்தில் எவ்வளவு பூ இருக்கும் என்பதைப் பலர் நட்ட பிறகே யோசிக்கிறார்கள்.

மல்லிகை வெயிலுக்குப் பூப்பது. வழக்கமாக நவம்பர் கடைசியில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடி, பனி விலகி மார்ச் மாதம் வந்தபின்தான் முழுமையாக அரும்பெடுக்கும். மார்கழியில் கல்யாணங்கள் இல்லாவிட்டாலும் கோயில் தேவை குறைவதில்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. வரத்து மிகக் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் தேவை கூடுவதால்தான் விலை ஏறுகிறதே தவிர, அதில் விவசாயியின் கைக்கு வரும் தொகை விலையைப் போலப் பெரிதாக இருப்பதில்லை. சித்திரை, வைகாசியில் பூ கொட்டும்போது முகூர்த்த நாளுக்கு ஒரு விலையும் மறுநாளுக்கு வேறு விலையுமாக ஏலம் போகிறது. முகூர்த்தமில்லாத ஆடியில் அம்மன் கோயில்களின் தேவையே கைகொடுக்கிறது. மிஞ்சிய பூ செண்ட் ஆலைக்கு, அவர்கள் சொல்லும் விலைக்குப் போகிறது.

இதைவிடக் கடினமானது பறிப்பு. விடியுமுன் மொட்டாகப் பறித்து அன்றே சந்தைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். மாலையில் விரிந்துவிட்டால் மதிப்பு போய்விடும். விலை சரிந்தாலும் பறிப்புக்கூலி சரிவதில்லை. வெளியாட்களை மட்டும் நம்பிப் பெரிய பரப்பில் மல்லிகை நடுவது, வரத்து மிகுந்த மாதங்களில் கூலிக்கே பூவை விற்கும் நிலையில்தான் கொண்டுபோய் நிறுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

சம்பங்கிக்கு இந்த உச்சங்கள் கிடையாது. கிழங்கு நட்ட மூன்று, நான்கு மாதங்களில் பூக்கத் தொடங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை பலன் தரும். குளிரில் வரத்து குறைந்தாலும் மல்லிகையின் அளவுக்குச் சரிந்துவிடுவதில்லை. மாலை கட்டுவோருக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய பூ என்பதால், சிறிய தொகையானாலும் கிட்டத்தட்ட தினமும் காசு வருகிறது. பால் ஊற்றும் வீட்டுக்குப் பால்காசு எப்படியோ அப்படித்தான் இதுவும். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் போன்ற ஒற்றை அடுக்கு இதழ் ரகங்கள், காம்பில்லாமல் எடைபோட்டு விற்கும் உதிரிப்பூவுக்கு நன்கு பொருந்துகின்றன. வடிகால் இல்லாத நிலத்தில் கிழங்கு அழுகும். வேரைத் தாக்கும் நூற்புழு புகுந்த வயலில் விளைச்சல் சரியும். கிழங்குக்கான தொடக்கச் செலவும் கணிசமானது. இவற்றைச் சமாளிக்க முடிந்தவருக்குச் சம்பங்கியே பாதுகாப்பான தேர்வு.

செண்டுமல்லி ஓணத்தையும் ஆயுத பூஜையையும் குறிவைத்து நடுவது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் பூக்கும். எல்லோரும் அதே நாளைக் குறிவைப்பதால் பூஜை முடிந்த மறுநாளே வாங்க ஆளிருப்பதில்லை. 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்து ஓணக் கொண்டாட்டங்கள் ரத்தானபோது, ஓணத்தின் அத்தப்பூக் கோலத்துக்காக இங்கே வளர்த்த பூவுக்கு விலை இல்லாமல் போனதை நினைத்தால், அண்டை மாநிலத்தின் ஒரே பண்டிகையை நம்பி முழு நிலத்தையும் கொடுக்கத் துணிய முடியாது. ஓசூரின் பசுமைக்குடில் ரோஜா முற்றிலும் வேறு தொழில். காதலர் தினமான பிப்ரவரி 14-க்காக டிசம்பர் நடுவில் கவாத்து, குளிர்பதனக் கிடங்கு, வெளிநாட்டு ஏற்றுமதி என்று செல்லும் அதற்கு ஓசூரின் மிதமான குளிரும் பெருமுதலும் வேண்டும். நம் சத்தியமங்கலத்தின் பவானிக் கரை வெயிலில் அதை முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் ஏக்கர் உள்ளவர் அதில் முக்கால் பங்கைச் சம்பங்கிக்கும், வீட்டு ஆட்களே விடியுமுன் பறித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் மல்லிகைக்கும் ஒதுக்கலாம். ஏற்கெனவே மல்லிகை வைத்திருப்பவர் ஒரு பகுதிச் செடிகளைச் செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து செய்து, நீரும் உரமும் தவறாமல் கொடுத்துப் பார்க்கலாம். பனிக்காலத்தில் கிடைக்கும் பூ குறைவாகவே இருந்தாலும், தை விலையில் அது விற்கும்.