ஆர்.சி. பள்ளியில் மூன்றாம் வகுப்பு: உப்பு, சம்மனசு, இரவு ஒன்பது மணி வாட்ஸ்அப்

பள்ளி திறக்கிற நேரம் வந்தாலே "அந்த சிஸ்டர் ஸ்கூல் எப்படி, பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்று நாலு பேராவது போன் போடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற, அரசு உதவி பெறும் ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், என் மகள் இன்னும் இரண்டு வருஷம் அங்கே படித்தாக வேண்டும். 2025-26இல் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் உண்மையான கேள்வி, கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ் வழிக்குக் கட்டணம் கிடையாது, புத்தகம் இலவசம். அதே வளாகத்தில் ஆங்கில வழியும் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். காலை உணவு வந்தது எங்கள் வருஷத்தில்தான். கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலேயே கொடுத்துவிட்டார்கள், நகரத்துப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26இல் வந்தது. மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில்தான் அன்றைக்குத் தொடங்கி வைத்தார்கள். புதன்கிழமை பொங்கல் என்றால் என் மகள் வீட்டில் ஒரு வாய் தொடமாட்டாள். நான் போடுகிற பொங்கலைவிட அது நன்றாக இருக்கிறதாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி வகுப்புக்கு வருகிறேன். ஒரே டீச்சருக்கு நாற்பத்தாறு பிள்ளைகள். எண்ணிக்கையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அந்த டீச்சர் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. பிள்ளைகள் செய்துபார்த்துத் தாங்களே படிக்கிற செயல்வழிக் கற்றல் என்று முன்பு பாடப்படிகளைக் காட்டுகிற ஏணிப்படமும் அட்டைகளுமாக எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் வந்ததே, அந்தக் காலத்தில் வேலைக்கு வந்தவர். அட்டைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் பாதி நேரம் தரையில்தான் இருப்பார்கள், ஐஸ் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டோ, புளியங்கொட்டையைப் பங்குபோட்டு வகுத்தலில் மீதி எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டோ. எங்கள் வீட்டில் மட்டும் அந்த வருஷம் ஒரு டப்பா புளியங்கொட்டை போனது.

பிப்ரவரியில் ஒரு நாள் "பிளாஸ்டிக் தட்டு ஒன்று, பெயர் எழுதி" என்று கேட்டுவிட்டார்கள். எதற்கு என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் டீச்சரே ரோச் பூங்கா பக்கம் போய் இரண்டு கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் அளந்து ஊற்றி, தட்டுகளை வரிசையாக வெயில்படும் சுவரில் வைத்திருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. இன்றைக்கு ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது, இன்றைக்குப் பக்கத்துத் தட்டில் காக்கா வாயை வைத்துவிட்டுத் துப்பியது, இன்றைக்கு நடுவில் குட்டிக் குட்டிக் கட்டம் தெரிகிறது என்று தினமும் ஒரு செய்தி. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, டம்ளருக்கு 200 மில்லி, அப்படியானால் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கும் அதிலேயே போட வைத்திருக்கிறார். ஏழு வர வேண்டும். என் மகளுக்கு ஐந்து கிராம்தான் வந்தது. மீதி இரண்டு கிராமுக்குக் காக்காதான் பொறுப்பு என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். டீச்சர் அதற்கும் 'சரி' போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

இதோடு விட்டிருந்தால் நல்ல செயல்பாடு என்று நானும் ஒரு வரியில் முடித்திருப்பேன். அந்த வகுப்பில் நாலைந்து பிள்ளைகளின் வீடுகளில் உப்பளத்துக்குப் போகிறார்கள். அதில் ஒரு பையனின் அம்மாவை வெள்ளிக்கிழமை கூப்பிட்டு இருபது நிமிஷம் பேச வைத்திருக்கிறார் டீச்சர். பாத்தி எப்படிக் கட்டுவது, உப்பை எப்படி வாருவது, வெயிலில் அந்த வெள்ளை கண்ணை எப்படிக் கூசும், ஏன் விடியுமுன் வேலைக்குப் போகிறோம், மழைக்காலம் வந்தால் ஏன் வேலை இல்லை, இதெல்லாம். ஒரு பிள்ளை "கால் ஏன் இப்படி வெடிச்சிருக்கு ஆத்தா?" என்று கேட்டதாம். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பாதத்தைக் காட்டினாராம். அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றாள். நானும் தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், உப்பளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத் தவிரப் பார்த்ததில்லை.

இதே மாதிரி இன்னொன்று, உங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விசாரித்து வரச் சொன்னது. டபிள்யூ.ஜி.சி. ரோடு என்றால் வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு என்பது எனக்கே இத்தனை வயசில் மகள் சொல்லித்தான் தெரியும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து, 1923இல் இங்கே ஆயராக (பிஷப்பாக) வந்த ரோச் ஆண்டகை, வ.உ.சி., எல்லாரும் ஒரே வாரத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துபோனார்கள். சந்தை நாள் என்று ஒன்றும் வைத்தார்கள். மகள் எலுமிச்சம்பழம் விற்று, மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்து, பதினான்கு ரூபாய் நஷ்டத்தில் வீடு திரும்பினாள்.

டிசம்பர் தனிக்கதை. கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த தொழுவத்தைக் குடிலாக வைப்பார்களே, சர்ச்சில் வைக்கிற குடில் இல்லை, வகுப்புக்குள்ளேயே ஒன்று. பத்து நாள் முன்னாடி பழைய தாம்பாளங்களில் மண் நிரப்பிக் கேப்பை விதைத்து, முறை போட்டுத் தண்ணீர் தெளித்து, பச்சைப்பசேல் என்று விரலளவு நாற்று வந்ததும் அதைத்தான் பெத்லகேம் வயலாக வைத்தார்கள். செடி முளைக்கிற பாடம் அங்கேயே முடிந்துபோயிற்று. ஒரு மூலைத் தட்டு மட்டும் முளைக்கவே இல்லை. தண்ணீர் அதிகமா, விதை பழசா என்று பிள்ளைகள் பஞ்சாயத்து வைத்து, கடைசியில் முறைக்கு இருந்த பையன் மூன்று நாள் லீவு போட்டதைக் கண்டுபிடித்தார்கள். அதன்மேல் களிமண் ஆடு ஒன்றைப் படுக்கப்போட்டு மறைத்துவிட்டார்கள்.

வகுப்பு நாடகத்தில் நாற்பத்தாறு பேருக்கும் வேஷம். வசனம் இல்லாதவர்கள் ஆடு. என் மகள் சம்மனசு. வானதூதருக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் அதுதான் பெயர், எங்கள் அத்தைக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய் இப்போதும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பராக வந்த பையன் முஸ்லிம். உடுப்பு வீட்டு வேஷ்டி, துண்டு, பழைய சேலை. காசு கொடுத்து வாங்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்வையாளர் நாலாம் வகுப்பு மட்டும், பெற்றோருக்கு அனுமதி இல்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதனால்தான் அது நன்றாக நடந்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பிப்ரவரி கடைசியில் பள்ளியின் ஆண்டு விழா வந்தது, அதையும் பார்த்தேன். மூன்று வாரம் ஒத்திகை. வகுப்பில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்தப் பன்னிரண்டு பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியிலும் அதே பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். நடன உடைக்கு வாடகை 650 ரூபாய், அதோடு வளையல், பூ, மேக்கப் அக்காவுக்கு 100. உப்பளத்துக்குப் போகிற வீட்டில் இது ஒரு நாள் கூலிக்கு மேல். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் அதுவே "எனக்கு ஆடத் தெரியாது டீச்சர்" என்று விலகிக்கொண்டதை மகள் வந்து சொன்னாள். மீதி முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள் அந்த மூன்று வாரமும் வகுப்பில் பழைய பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஏறிய பிள்ளைகளையும் பார்க்க முடியவில்லை, எங்களுக்கு முன்னால் ஒரே செல்போன் வரிசை. டிசம்பரில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நாற்பத்தாறு பேரும் நடித்தார்களே, அதே பள்ளிதான் இதுவும். வகுப்புக்குள் நடக்கிற எதற்கும் நான் முழு மதிப்பெண் போடுவேன், மேடைக்குப் போகிற எதற்கும் பாஸ் மார்க்தான்.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். மாறுவேடப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒன்பது காமராசர். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவு ஒன்பது மணிக்கு "நாளை சார்ட் பேப்பர், பச்சை நிறம், தெர்மாக்கோல் ஒரு அடி" என்று செய்தி வரும். எங்கள் தெருமுனை ஸ்டேஷனரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களுக்காகவே காத்திருப்பார், எந்த வகுப்புக்கு என்ன வேண்டும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதிரிச் செயல்பாடுகளுக்குப் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு நாற்பது மதிப்பெண் என்பதால் பெற்றோர் விடுவதும் இல்லை. அட்டையில் ஒட்டிய படங்களைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு அப்பாக்கள் நன்றாக வரைகிறார்கள் என்று தெரிகிறது. நானும் ஒரு சூரியக் குடும்பம் செய்தேன். சனிக்கிரகத்துக்கு வளையல் மாட்டினேன். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது எச்.எம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார், அடுத்த வாரம் செய்தி எட்டே முக்காலுக்கு வந்தது.

சரி, மத விஷயம். காலைக் கூட்டத்தில் ஜெபம் உண்டு. "விண்ணுலகில் இருக்கிற" என்று தொடங்குகிற ஜெபம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம், அத்தை உட்பட. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு தனியாக. கோயிலுக்கு வா என்று யாரும் இழுக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று தோழிகள் எல்லாம் நெற்றியில் சாம்பலோடு வந்ததைப் பார்த்துவிட்டு, அவங்களும் விபூதி பூசுறாங்க பாட்டி என்று மகள் அத்தையிடம் சொன்னாள். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலையை எரித்து அந்தச் சாம்பலை எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சேர்க்கும்போது ரொம்ப முகம் சுளித்தவர் அத்தைதான். அன்றைக்கு அவருக்கு அப்படியொரு திருப்தி. தவக்காலத்துக்கு வகுப்பில் ஓர் உண்டியல் வைத்தார்கள். மிட்டாய்க் காசு, விருப்பம் இருந்தால் மட்டும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பேர் எழுதுவதில்லை. அந்தப் பணத்தில் முதியோர் இல்லத்துக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கினார்கள், விலையைக் கூட்டிப் பார்த்தது பிள்ளைகள். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாடி ஓலையில் சிலுவை முடையவும் கிளி செய்யவும் ஒரு மதியம் முழுக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டு விளக்குமாடத்தில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்த ஓலைக்கிளி காய்ந்துபோய் இன்னும் இருக்கிறது.

படிப்பு எப்படி என்று கேட்டால், தமிழ் சரளமாக வாசிக்கிறாள், தெரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்கிறாள். ஆங்கிலம் சுமார், வீட்டில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பாடு ஏழாம் வாய்ப்பாட்டோடு நிற்கிறது, எட்டில் தடுமாற்றம், ஒன்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மெட்ரிக் பள்ளியில் படிக்கிற என் நாத்தனார் மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறான். அவனிடம் மீதிச் சில்லறை கேட்டால் முழிக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என் மகளும் பதினான்கு ரூபாயைத் தொலைத்தவள்தானே. கழிப்பறை காலையில் சுத்தமாக இருக்கும், மதியத்துக்கு மேல் இருக்காது. மைதானம் பெரிசு, வேப்பமரம் நான்கு, மணல் தரை.

சேர்க்கப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டு காலைக் கூட்டம் முடிந்த பிறகு போங்கள். எந்த டீச்சர் வகுப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள், சிஸ்டர் தப்பாக நினைக்கமாட்டார். நான் சொன்ன டீச்சர் இந்த வருஷமும் மூன்றாம் வகுப்புதான் என்று கேள்வி. பிளாஸ்டிக் தட்டு ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.