காரைக்குடி தியேட்டரா, திருவிழா நாடகமா?

மகளுக்கு நாலு வயது. முதலில் எதற்குக் கூட்டிப்போவது? காரைக்குடியில் ஒரு சினிமாவுக்கா, பங்குனித் திருவிழாவில் ஊர்ப் பொட்டலில் போடும் வள்ளி திருமணம் நாடகத்துக்கா?

தியேட்டரில் நேரம் நம் கையில். காலைக் காட்சி பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். சென்சார் சான்றிதழும் ஓரளவு வழிகாட்டும்: 2024 முதல், பெற்றோர் துணையோடு பார்க்கச் சொல்லும் யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் 'யு' என்று போட்டிருந்தாலும் நாலு வயதுப் பிள்ளை இரண்டரை மணி நேரம் உட்காருமா? இருட்டும் சத்தமும்தான் பெரிய சிக்கல். விளக்கு அணைந்ததும் மடியில் ஏறிக் காதைப் பொத்தினால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து வந்துவிட வேண்டியதுதான், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

நாடகம் திறந்தவெளி. பாயில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், அழுதால் பஞ்சுமிட்டாய்க்காரர் பக்கம் தூக்கிப்போகலாம். ஹார்மோனியமும் மிருதங்கமும் கண்ணெதிரே. ஆனால் இரவு வெகுநேரம் கழித்துத் தொடங்கி விடிய விடிய நடக்கும். 3-4 வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாடகக் கோமாளியான பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சுக்குச் சான்றிதழும் கிடையாது. (நல்லவேளை, இந்த வயதில் புரியாது.)

"நாங்கள்லாம் அப்படிப் பார்த்து வளர்ந்தவுகதானே" என்கிறார் அப்பத்தா. சரி, என் ஓட்டும் நாடகத்துக்குத்தான். மதியம் நன்றாகத் தூங்கவைத்து, முதல் ஒரு மணி நேரம் மட்டும்.