பட்ஸை விட்டு நெக்பேண்டுக்கு மாறினேன்: காரணம் பேட்டரி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு யூனிட்டையும் போனில் துரத்துவதுதான் வேலை. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துண்டு) ஓகே ஆச்சா, துணி ரோல் எப்போது கிளம்பும், ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு) ஏன் குறைந்தது என்று பேச்சு ஓயாது. கோவையிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவதால் அந்த நேரத்தில் பாட்டும் உண்டு. மொத்தத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது காதில் ஏதாவது மாட்டியிருக்கும்.

2021 ஜூலையில் இரண்டு காதிலும் தனித்தனியாகச் செருகும், கம்பியே இல்லாத ப்ளூடூத் பட்ஸ் வாங்கினேன். 2023 ஏப்ரலில் கழுத்தில் மாட்டும் பட்டையிலிருந்து காதுக்குக் கம்பி போகும் ப்ளூடூத் நெக்பேண்டுக்கு மாறினேன். இரண்டுமே இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். இன்று என்னிடம் யாராவது கேட்டால் நெக்பேண்ட் வாங்கச் சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் கனமானது. அதற்கு முன் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த விலையில் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பெரும்பாலும் 10 முதல் 13 மில்லிமீட்டர் டிரைவர்தான் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) வருகிறது, ப்ளூடூத்தில் எஸ்பிசி அல்லது ஏஏசி கோடெக்தான் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓடுகிறது. பேஸ் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்பது பிராண்டைப் பொறுத்தது, நெக்பேண்டா பட்ஸா என்பதைப் பொறுத்தது இல்லை. போன் பேசும்போது குரல் கொஞ்சம் மங்கித் தட்டையாகக் கேட்பதும் இரண்டிலும் உண்டு. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் ப்ளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும், அதனால்தான் அப்படி.

ஒயர் ஹெட்செட்டையும் கணக்கில் எடுத்துப் பார்த்தேன். பேட்டரியே இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. ஆனால் 2016ல் ஐபோன் 7 ஹெட்செட் செருகும் அந்த வட்ட ஓட்டையை எடுத்த பிறகு மற்ற கம்பெனிகளும் பல போன்களில் எடுத்துவிட்டன. என் போனில் அது இல்லை. டைப்-சி ஒயர் மாட்டினால் பேசிக்கொண்டே சார்ஜ் போட முடியாது. அவசரத்துக்கு ஒன்று கைப்பையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பட்ஸின் நல்ல பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுத்தில் எதுவும் இல்லாத சுகம் பெரிய சுகம். வெயில் காலத்தில் நெக்பேண்டின் ரப்பர் பட்டை வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவில் மாட்டும், செயினோடு பின்னிக்கொள்ளும். தலையணையில் சாய்ந்து படுத்தால் பின்கழுத்தில் குத்தும். பட்ஸில் இது எதுவும் கிடையாது. இன்னொன்று, ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மறு காதில் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்கலாம். இரைச்சல் குறைக்கும் ஏஎன்சி வசதியும் பட்ஸில்தான் அதிக மாடல்களில் கிடைக்கிறது. நெக்பேண்டில் ரியல்மி பட்ஸ் வயர்லெஸ் 3, ஒன்பிளஸ் புல்லட்ஸ் இசட்2 ஏஎன்சி போலச் சில வந்தன, ஆனால் பட்ஸ் அளவுக்குத் தேர்ந்தெடுக்க இல்லை.

தொலைந்துபோகும் பயத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். 2021ல் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி மாஸ்க்கைக் கழற்றினேன். காதுப் பக்கத்து நாடா இழுத்ததில் இடது பட்ஸ் தெறித்து, பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டி உருண்டு, விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரயில் இன்னும் கிளம்பவில்லை. குனிந்து எடுத்தபோது கை நடுங்கியது. ஆனால் அன்றும் அது தொலையவில்லை, அப்புறமும் தொலையவில்லை. அதை என்னிடமிருந்து பறித்தது வேறு.

சரி, இனி பேட்டரிக்கு வருகிறேன்.

ஒரு பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச்தான். சட்டைப் பொத்தான் அளவு. என்னுடையது புதிதில் ஒரு சார்ஜுக்கு ஐந்து மணி நேரம் தாங்கியது. நெக்பேண்டில் 150 முதல் 250 எம்ஏஎச் வரை வைக்க இடம் இருக்கிறது. என்னுடையது 200. பெட்டியில் 30 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். நான் அதிகம் பேசுவதால் 25 மணி நேரம் போல வந்தது.

லித்தியம் பேட்டரி எதுவானாலும் சுமார் 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் (முழுதாகத் தீர்ந்து மறுபடி நிரம்புவது ஒரு சுற்று) பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. இப்போது என் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். தினமும் ஐந்து மணி நேரம் என்றால் பட்ஸுக்கு அது ஒரு முழுச் சுற்று. வருடத்தில் 300 வேலை நாள் என்று வைத்தால், ஒன்றரை வருடத்தில் 450 சுற்று முடிந்துவிடும். அதே ஐந்து மணி நேரம் நெக்பேண்டுக்கு ஐந்தில் ஒரு சுற்றுதான். வருடத்துக்கு 60. ஒன்றரை வருடத்தில் 90. ஒரே உழைப்பு, ஆனால் ஒன்று கிழடாகும்போது இன்னொன்று இளசாகவே இருக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. இரண்டும் ஒரே அளவு தேய்ந்தாலும் வலி ஒரே மாதிரி இருக்காது. முப்பது சதவீதம் போனால் பட்ஸ் ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரத்துக்கு இறங்கும். மதியம் டையிங் யூனிட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது காதில் டொய்ங் என்று சத்தம் வந்து அணைந்துவிடும். நெக்பேண்டில் அதே முப்பது சதவீதம் போனால் 25 மணி நேரம் பதினேழரை ஆகும். ஐந்து நாளைக்கு ஒரு முறை போட்ட சார்ஜை மூன்று நாளைக்கு ஒரு முறை போடுவேன். வேறொன்றும் மாறாது.

பட்ஸில் இருப்பது ஒரே ஒரு பேட்டரியும் இல்லை. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, அவற்றை வைத்துச் சார்ஜ் போடும் டப்பாவில் ஒன்று என்று மூன்று. மூன்றும் சேர்ந்தே தேயும் என்று நினைத்திருந்தேன். நான் யூனிட்டுக்குள் நடக்கும்போது மெஷின் சத்தத்தையும் ஆட்களையும் கவனிக்க வேண்டும் என்பதற்காக வலது காதில் மட்டும் மாட்டிப் பேசுவேன். அதனால் வலது பக்கம் வேகமாகத் தேய்ந்தது. 2022 கடைசியில் இடது மூன்றரை மணி நேரம் தாங்கியது, வலது ஒன்றேகால் மணி நேரத்தில் படுத்தது. அடுத்த மார்ச்சில் வலது நாற்பது நிமிடம். காது மாற்றி மாட்டிப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. அப்புறம், வேலை இல்லாத நேரமெல்லாம் பட்ஸ் டப்பாவுக்குள் நூறு சதவீதச் சார்ஜிலேயே உட்கார்ந்திருக்கும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி இன்னும் சீக்கிரம் தேயும். ஏப்ரல், மே மாதங்களில் கைப்பைக்குள் அந்த டப்பா எவ்வளவு சூடாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காந்திபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் மொபைல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஸ்க்ரூவே இல்லைங்க அக்கா. முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. திறந்தா கூடு உடைஞ்சிரும், மறுபடி மூட முடியாது."

"பேட்டரி கிடைச்சா?"

"கிடைச்சாலும் அதேதானுங்க."

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். ஒற்றை பட்ஸுக்குச் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுச் செட்டே வாங்கிவிடலாம். சத்தம் நன்றாக இருந்தது, மைக் நன்றாக இருந்தது, டப்பாவில் ஒரு கீறல் இல்லை. பொத்தான் அளவு பேட்டரி ஒன்று செத்ததால் மொத்தமும் குப்பை. எனக்கு அது மனதை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

எல்லா பட்ஸும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாம்சங் 2019ல் விட்ட முதல் கேலக்ஸி பட்ஸில் வட்டமான காயின் செல் இருந்தது, பொறுமையும் பழக்கமும் இருந்தால் மாற்றிவிடலாம். ஐரோப்பாவில் ஃபேர்போன் கம்பெனி 2024ல் ஃபேர்பட்ஸ் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் காதுக்கானவை, டப்பா என மூன்று இடத்திலும் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டமும் 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்த மாற்றம் நம் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய் பட்ஸ் வரை இறங்கி வந்தால் நான் சொன்னதில் பாதியை மாற்றி எழுதுவேன்.

நெக்பேண்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒயர். கழுத்துப் பட்டையிலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய கம்பி, காதுப் பகுதியோடு சேரும் இடத்தில்தான் அறும். எனக்கு ஒன்றரை வருடத்தில் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. அதே தம்பியிடம் கொடுத்தேன். கம்பியை அரை அங்குலம் வெட்டி, உள்ளே சால்டர் வைத்து, மேலே சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு இறுக்கித் தந்தார். 150 ரூபாய், இருபது நிமிடம். இடது கம்பி இப்போது வலதைவிட ஒரு விரல் அகலம் குட்டை, வேறு குறை இல்லை. பேட்டரியும் போனால் மாற்றலாம் என்றார். பட்டையின் முனைக் கூட்டைத் திறந்தால் தட்டையான செல் தெரிகிறது, இரண்டு கம்பிதான். நான் இன்னும் மாற்றவில்லை, அதனால் அதற்குப் பிறகு எத்தனை நாள் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இரண்டரை வருடம் ஆகியும் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் சார்ஜ் போடுகிறேன்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் இருக்கின்றன. இருபதாயிரம் ரூபாய் பட்ஸை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அக்கா பையனுடையதைச் சென்னை ரயிலில் ஒரு முறை மாட்டிப் பார்த்தேன். ரயில் சத்தம் அப்படியே அமுங்கியது ஆச்சரியமாக இருந்தது, ஆனால் ஒரு பயணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஓடுபவர்களுக்கு நெக்பேண்ட் குலுங்கும் என்கிறார்கள். நான் நடப்பதோடு சரி, நடையில் குலுங்கவில்லை. கேம் விளையாடுவதில்லை, அதனால் சத்தம் பிந்துவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது பட்ஸ்தான் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பாள், படுத்துக்கொண்டு கேட்பாள். அந்தப் பயன்பாட்டுக்கு வாரத்துக்கு ஒன்றரைச் சுற்றுகூட வராது, பட்ஸ் பல வருடம் வரும். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசுகிறவர்களுக்குத்தான் என் கணக்கு.

நெக்பேண்ட் வாங்கப் போனால் கடையில் இவற்றைப் பாருங்கள். சார்ஜிங் டைப்-சி ஆக இருக்கட்டும். பட்டன் தொட்டால் அழுந்தும் நிஜப் பட்டனாக இருக்கட்டும், வேர்வை விரலில் டச் சரிப்படாது. வேர்வைக்கு ஐபிஎக்ஸ்5 என்ற நீர்த் தடுப்புத் தரம் போதும். இரண்டு காதுப் பகுதிகளையும் ஒட்ட வைக்கும் காந்தம் நல்ல பிடியோடு இருக்க வேண்டும். காந்தத்தைப் பிரித்தால் அழைப்பை எடுக்கும் வசதி சில மாடல்களில் இருக்கிறது, இரண்டு கையிலும் துணி சாம்பிள் இருக்கும்போது அதன் அருமை தெரியும். கடைசியாக, காதுப் பகுதியில் கம்பி நுழையும் இடத்தை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ரப்பர் கழுத்து இருந்தால் வாங்கலாம். கம்பி நேராகப் பிளாஸ்டிக்குக்குள் போனால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.