ரைடை மூடிப் பழுது பார்ப்பதா, இரவோடு இரவாகவா?

கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் இரண்டும் உண்டு. எதற்கு எது என்பதில்தான் பூங்கா நடத்துபவர்களுக்குக் குழப்பம்.

பார்ப்பவர் கண்ணுக்கு
இரவு வேலை: தெரியவே தெரியாது. கூட்டம் போனதும் தண்டவாளத்தைச் சோதிக்கிறார்கள், கைப்பிடிக் கம்பியில் உரிந்த பெயின்டைத் தொட்டுப் பூசுகிறார்கள். காலையில் வருபவர் கவனிப்பதில்லை; ஒரு பல்பு எரியாவிட்டால் மட்டும் "பராமரிப்பே இல்லை" என்பார்.
மூடல்: தடுப்புச் சுவரைப் பார்த்ததும் முணுமுணுப்பு. டிக்கெட் வாங்கியவர் கோபம் நியாயம்தான். ஆனால் வேலை நடப்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

ஆயுள்
பெயின்ட், விளக்கு, இருக்கை என்றால் இரவே போதும். தண்டவாளமே தேய்ந்தால் போதாது. டிஸ்னிலேண்டின் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டரை 2003 ஏப்ரலில் மூடி, தண்டவாளத்தையே மாற்றி, 2005 ஜூலையில்தான் திறந்தார்கள்.

செலவு
இரவு ஷிஃப்ட் சம்பளம் நித்தம் போகும். மூடல் மொத்தமாகக் கடிக்கும்.

ரைடுகள் குறைவான சிறு பூங்காவுக்கு இரவு வேலைதான் சரி. பெரிய பூங்கா தாராளமாக மூடலாம்; ஆனால் இரண்டு பெரிய ரைடுகளை ஒரே சமயத்தில் வேண்டாம். அப்புறம், மூடும் தேதியை டிக்கெட் விற்கும் இடத்திலேயே எழுதிப் போடுங்கள், உள்ளே வந்தபின் அல்ல.