இறுகிப்போன பிஸ்டன்: ஊற வைப்பதா, சூடாக்குவதா?

பழைய படகு மோட்டார் பல வருஷம் ஈரத்தில் கிடந்து, சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓட வேண்டிய பிஸ்டன் துருவால் இறுகிவிட்டால், என் ஓட்டு ஊற வைப்பதற்குத்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அசிட்டோனும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி கலந்து அந்த ஓட்டை வழியாக ஊற்றி, தினமும் ஃப்ளைவீலை, அதாவது இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரத்தை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் ஆனாலும் சரி, கரகரவென்று துரு உதிர்ந்து அது நகரும் நொடி அவ்வளவு சந்தோஷம்.

சூடாக்குவது வேகமான வழி. வார்ப்பிரும்பு சிலிண்டர் வெளியில் விரிந்து பிடியை விடும். ஆனால் உள்ளே இருக்கும் அலுமினிய பிஸ்டன் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியக்கூடியது, சூடு அதுவரை பரவிவிட்டால் இன்னும் இறுகும். ஒரே இடத்தில் தீ காட்டினால் சிலிண்டரே விரிசல் விடலாம், அதற்கு மாற்று தேடி அலைவது பெரும்பாடு.

அப்புறம், அசிட்டோன் ஊற்றிய இன்ஜின் பக்கம் தீயைக் கொண்டுபோகவே வேண்டாம்.