வீட்டில் மியூவாக் டேப்: நிறம் போதாது, அளவையும் பாருங்கள்

குழந்தையின் மேற்கைச் சுற்றளவை அளக்கும் மூவண்ண நாடாதான் மியூவாக் டேப். முன்பு சுகாதாரப் பணியாளர்களின் பையில் இருந்ததை இப்போது பல நாடுகளில் தாய்மார் கையிலேயே கொடுக்கிறார்கள். 6 முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான மெலிவு. 11.5-லிருந்து 12.5-க்குள் மஞ்சள். 12.5-ம் அதற்கு மேலும் பச்சை. எடை மெஷின் வேண்டாம், வரைபடம் வேண்டாம், எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். நைஜர் நாட்டுக் கிராமங்களில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், தாய்மார் பணியாளர்களுக்குச் சளைக்காமல் அளந்தார்கள். எளிமைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

வாங்கியதும் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். அளவு தொடங்குவது நாடாவின் விளிம்பில் அல்ல, வாசிக்கும் ஜன்னலில், அதாவது எண் தெரியும் திறப்பில், உள்ள அம்புக்குறியில். அங்கிருந்து சிவப்பு முடியும் கோடு 11.5-ல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2009-ல்தான் இந்த எல்லையை 11-லிருந்து உயர்த்தின. அதற்கு முந்தைய நாடாவில் 11.2 உள்ள குழந்தை சிவப்பில் விழாமல் தப்பிவிடும். நீங்களே பிரிண்ட் எடுப்பதென்றால் இன்னும் கவனம் தேவை. தாளுக்கேற்ப அளவைச் சுருக்கும் செட்டிங் ஆனில் இருந்தால் கோடுகள் நெருங்கிவிடும், மெலிந்த கையும் பச்சை காட்டும்.

அளப்பதில் தவறு நடக்கும் இடங்கள் வழக்கமானவைதான். சட்டைக் கையை முழுக்க விலக்குங்கள். வழக்கமாக இடது கை. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தொங்கவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். மடக்கிய நிலையிலேயே அளந்தால் தசை புடைத்து அளவு கூடிவிடும். நாடாவை இறுக்கித் தோல் பள்ளம் விழுந்தால் குறைவாகக் காட்டும். அடியில் விரல் நுழைந்தால் தளர்வு, அப்போது கூடுதலாகக் காட்டும். அழுது விறைத்த கையை அளக்காதீர்கள். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் மூன்றாவது முறையும் அளங்கள்.

நம் குறை நிறத்தின் மேல்தான். போன மாதம் 13.6, இந்த மாதம் 12.7: இரண்டுமே பச்சை! 9 மி.மீ. இறங்கியதை நிறம் சொல்லவே சொல்லாது. மஞ்சள் வரும்போது குழந்தை ஏற்கெனவே மெலிந்துவிட்டது. வராமல் தடுக்க வேண்டுமானால் மாதம் ஒருமுறை எண்ணைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். 2 மி.மீ. ஏற்ற இறக்கம் கைப்பிசகாக இருக்கலாம், பதற வேண்டாம். அடுத்தடுத்து இறங்கினாலோ, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்துபோன பின் இறங்கினாலோ சாப்பாட்டைக் கவனியுங்கள். 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு 2, 3 வேளை, 9 மாதத்துக்கு மேல் 3, 4 வேளை, தாய்ப்பாலும் தொடர வேண்டும். நீர்த்த உணவு வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டி வேண்டும். நோய் தீர்ந்தபின் இரண்டு வாரம் கூடுதலாக ஒரு வேளை கொடுங்கள். மஞ்சள் என்றால் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், சிவப்பு என்றால் அன்றைக்கே.

இந்த நாடாவுக்குத் தெரியாதவையும் உண்டு. குட்டையாக வளர்வது தெரியாது, இரத்தசோகை தெரியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு 12.8 என்பது வயதுக்கு மிகக் குறைவு, ஆனாலும் பச்சைதான். சத்துக்குறைவால் வரும் வீக்கமும் இதில் பிடிபடாது. அதற்கு இரண்டு பாதங்களின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் இரண்டு பாதத்திலும் குழி நின்றால், நாடா பச்சை காட்டினாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாடாவைச் சுருட்டி வையுங்கள், மடித்தால் ஜன்னல் பக்கம் முதலில் கிழியும். பெரியவர்களுக்கான மியூவாக் டேப்பும் இதே தோற்றத்தில்தான் வருகிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.