கலபகோஸா, கோகோஸா, சொகோரோவா?

கிழக்குப் பசிபிக்கில் பெரிய மீன்களோடு ஸ்கூபா டைவ் அடிக்க ஆசைப்படுபவர்கள் இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். மூன்றுமே படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணம், மூன்றுமே பணத்தைக் கரைக்கும். எந்த மிருகத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

திமிங்கலச் சுறாதான் வேண்டும் என்றால் ஈக்வடாரின் கலபகோஸ். ஜூன் முதல் நவம்பர் வரை வடகோடியிலுள்ள டார்வின், உல்ஃப் தீவுகள் பக்கம் வரும். பெரும்பாலும் வயிறு பருத்த பெண் சுறாக்கள். ஆனால் தண்ணீர் குளிர்வதும் அந்த மாதங்களில்தான். நீரோட்டம் ஆளையே இழுத்துப் போகும். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமும் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆகிவிட்டது. டார்வின் தீவருகே கடலில் நின்ற பாறை வளைவின் (டார்வின் வளைவு) படத்தைப் பார்த்து மயங்கியவர்களுக்கு: அது 2021 மே மாதமே இடிந்து, இப்போது இரண்டு தூண்கள்தான் மிச்சம்.

கோகோஸ் தீவு கோஸ்டாரிக்கா கரையிலிருந்து சுமார் 550 கி.மீ. படகில் ஒன்றரை நாள் ஆகும், குமட்டல்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக் கூட்டத்துக்குப் பேர்போன இடம். கூட்டம் கூடுவது மழைக்காலத்தில், அப்போது கடலும் ஆடும். இந்தச் சுறா கூச்ச சுபாவி. நாம் விடும் நீர்க்குமிழிக்கே விலகிப் போகும். பாறையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்காமல் மெதுவாக விட்டபடி காத்திருக்க வேண்டும்.

மெக்சிகோவின் சொகோரோ தீவுக்கூட்டத்தில் கதையே வேறு. இங்கே ராட்சதத் திருக்கை தானாகவே நம்மிடம் வரும். சான் பெனடிக்டோ தீவருகே எல் பாய்லர் என்ற பாறையில், ஆரஞ்சு நிறக் கிளேரியன் மீன்கள் அதன் உடம்பை மேய்ந்து சுத்தம் செய்யும். அப்புறம் அது நேராக நம் தலைக்கு மேல் வந்து, குமிழிகள் வயிற்றில் படும்படி நின்றுகொள்ளும். ஐந்தாறு மீட்டர் அகலம், வயிற்றில் ஆளுக்கொரு விதமாகக் கரும்புள்ளிகள். தொட மட்டும் கூடாது.

முதல் பெரிய பயணத்துக்கு என் ஓட்டு சொகோரோவுக்கே. சீசன் நவம்பர் முதல் மே வரை. பிப்ரவரி, மார்ச்சில் போனால் கூனல் திமிங்கலத்தின் பாட்டும் தண்ணீருக்கடியில் கேட்கலாம். அதற்காக, டைவிங் பயிற்சி முடித்துக் கார்டு வாங்கிய கையோடு கிளம்பிவிடாதீர்கள். இங்கேயும் நடுக்கடல் டைவ்தான், கால் ஊன்றத் தரை கிடைக்காது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வசதி: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டாம்.